ஆங்கிலம் என்றால் என்ன, அது நம்ம தோட்டத்துக்குள் எப்படி வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, கொட்டகலைப் பக்கம் சனி, ஞாயிறு பின்னேரங்களில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகள். மீதிப் பேர் அவர்களைக் கூட்டிவரும் அம்மாமார், அண்ணன்மார்; மழை நாளில் குடையோடு வந்து கடைசி வாங்கில் உட்காரும் ஓர் அப்பாயியும் உண்டு. பாடத்தைவிடக் கேள்விகள்தான் அதிகம் வருகின்றன. திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆங்கிலம் என்றால் சுருக்கமாக என்ன?

ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மொழி. ஜெர்மனும் டச்சும் அதற்குச் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் மாதிரி. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் இன்றைய வட ஜெர்மனி, டென்மார்க் கரைகளிலிருந்து ஆங்கிள், சாக்சன், ஜூட் என்ற கூட்டத்தார் கப்பலேறி பிரித்தானியத் தீவுக்குப் போனார்கள். அவர்கள் பேசிய பேச்சுகள் கலந்து ஆங்கிலம் ஆனது. அதற்கு முன்னால் அந்தத் தீவில் இருந்தவர்கள் பேசியது வேறு மொழி. இன்றைய வெல்ஷ் அதன் வழிவந்தது. ஆக, ஆங்கிலமும் அந்த மண்ணுக்குப் பிழைக்க வந்த மொழிதான்.

1066இல் பிரான்சின் நோர்மண்டிப் பகுதியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். பிறகு ஏறக்குறைய 300 வருஷம் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சுதான். ஆங்கிலம் வயலிலும் அடுப்படியிலும் கிடந்தது. அதனால்தான் மாட்டைக் குறிக்க 'கவ்', 'ஒக்ஸ்' என்று பழைய ஆங்கிலச் சொல்லும், அதே மாடு தட்டுக்கு வந்தால் 'பீஃப்' என்று பிரெஞ்சுச் சொல்லும் இருக்கின்றன. வளர்க்கிறவன் சொல் ஒன்று, சாப்பிடுகிறவன் சொல் ஒன்று. இதை மலையகத்தில் விளக்கவே தேவையில்லை. பறிக்கிறவருக்கு அது கொழுந்து, ஏலத்தில் எடுக்கிறவருக்கு அது பீ.ஓ.பி. என்ற தேயிலை ரகம்.

இன்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் சுமார் 40 கோடிப் பேர். படித்துப் பேசுகிறவர்களையும் சேர்த்தால் 150 கோடி வரும். ஆங்கிலம் பேசும் நாலு பேரில் கிட்டத்தட்ட மூன்று பேருக்கு அது வீட்டு மொழி இல்லை. தப்பாகப் பேசிவிடுவேனோ என்று கூச்சப்படுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

'ஆங்கிலம்' சரியா, 'இங்கிலீஷ்' சரியா?

இரண்டும் ஒரே வேரில் வந்தவை. மேலே சொன்ன ஆங்கிள் கூட்டத்தார் வாழ்ந்த இடத்துக்கு ஆங்கெல்ன் என்று பெயர். ஜெர்மனியின் வடகோடியில், பால்டிக் கடலோரத்தில் இன்றும் அந்தப் பெயரோடே இருக்கிறது. அந்த நிலம் தூண்டில் முள்போல வளைந்திருப்பதால் வந்த பெயர் என்று பெரும்பாலும் சொல்வார்கள். தூண்டில் போட்டு மீன் பிடிப்பதை ஆங்கிலத்தில் இன்னும் 'ஆங்கிளிங்' என்றுதான் சொல்கிறார்கள். இதை வகுப்பில் சொன்ன நாளிலிருந்து ஒரு பையன் கொப்பி அட்டையில் 'தூண்டில் பாடம்' என்று எழுதி வைத்திருக்கிறான்.

நம் 'ஆங்கிலம்' அந்த முதல் 'ஆ'வைப் பிடித்துக்கொண்ட எழுத்து வழக்குச் சொல். அந்தக் கூட்டத்தார் வாயிலோ 'ஆ' மெல்ல 'எ' ஆகி, மொழியின் பெயர் 'எங்லிஷ்' ஆனது. பிறகு 'ங்' ஒலிக்கு முன்னால் வரும் 'எ' இன்னும் மேலேறி 'இ' ஆகிவிட்டது. வாய் மாறியது, எழுத்து மாறவில்லை. அதனால்தான் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் அந்தச் சொல்லை 'எ' என்று வாசிக்காமல் 'இ' என்று வாசிக்கிறோம். பேச்சில் 'இங்கிலீஷ்', எழுத்தில் 'ஆங்கிலம்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'இங்கிலீஷ் மருந்து', 'இங்கிலீஷ் மாசம்' எல்லாம் ஆங்கிலேயருடையதா?

இல்லை. வெள்ளைக்காரன் வழியாக வந்த எல்லாவற்றுக்கும் நம் ஆட்கள் 'இங்கிலீஷ்' என்று பெயர் போட்டுவிட்டார்கள். ஜனவரி, பெப்ரவரி என்று இப்போது நாம் எண்ணும் நாட்காட்டி 1582இல் ரோமில் பாப்பரசர் கிரகரி கொண்டுவந்தது. இங்கிலாந்து அதை ஏற்றதே 1752இல்தான், 170 வருஷம் கழித்து.

தோட்டத்துத் துரைமார் எல்லாரும் இங்கிலாந்துக்காரரா?

இல்லை. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் மூன்றும் சேர்ந்தது பெரிய பிரித்தானியா. அதோடு வட அயர்லாந்தையும் சேர்த்தால் ஐக்கிய இராச்சியம். இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் ஒரே இராச்சியமாக இணைந்தது 1707இல். 'இங்கிலிஷ்' என்ற சொல் மொழியையும் குறிக்கும், இங்கிலாந்து ஆட்களையும் குறிக்கும். ஸ்கொட்லாந்துக்காரரை 'இங்கிலிஷ்மேன்' என்றால் முகம் சிவந்துவிடும்.

நம் மலைகளுக்கு வந்தவர்களில் ஸ்கொட்லாந்துக்காரர் ஏராளம். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். தோட்டப் பெயர்களைப் பார்த்தாலே இது தெரியும். பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கும் டன்சினேன், ஸ்கொட்லாந்தில் பேர்த் நகருக்குப் பக்கத்துக் குன்று ஒன்றின் பெயர். 'கிளன்' என்றால் பள்ளத்தாக்கு, 'ஸ்ட்ராத்' என்றால் அகன்ற ஆற்றுப் பள்ளத்தாக்கு, 'டன்' என்றால் கோட்டை. இவை ஆங்கிலச் சொற்களே இல்லை. ஸ்கொட்லாந்து மலைவாசிகளின் கேலிக் மொழிச் சொற்கள் இவை. அந்த மலைவாசிகளில் எத்தனையோ குடும்பங்களைப் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஆடு வளர்ப்பதற்காக நிலத்தைவிட்டே கிளப்பிவிட்டார்கள். கிளப்பப்பட்டவர்களின் மொழி நம் தோட்டத்துப் பலகைகளில் 'இங்கிலீஷ்' என்று நிற்கிறது.

அக்கரப்பத்தனைப் பக்கத்துக் கிளன்லயனிலிருந்து வந்த பிள்ளை, "லயன் இருக்கிற பள்ளத்தாக்குன்னா அர்த்தம், சேர்?" என்று கேட்டாள். தோட்டத்து வரிசை வீடுகளை நாம் லயன் என்கிறோமே, நல்ல ஊகம்தான். ஆனால் அந்த லயன் ஸ்கொட்லாந்தில் ஓடும் ஓர் ஆறு.

நாம் தோட்டத்தில் பேசுவதில் ஆங்கிலம் எவ்வளவு?

நினைப்பதைவிட அதிகம். சும்மா ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் பெரட்டுக்களத்துக்குப் போகிறோம். 'பெரட்டு' என்பது 'பரேட்'. பட்டாளத்தில் ஆள் நிறுத்தி எண்ணும் சொல் தேயிலைக்கு வந்துவிட்டது. வேலைக்கு வந்தவர்களின் பெயர் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் ஏறும். ஒரு நாள் வேலைக் கணக்கு ஒரு 'பேர்'; கொழுந்து குறைந்தால் அரைப் பேர். நாள் கணக்கில் இல்லாமல் பேசிய கூலிக்கு எடுக்கும் வேலை கொந்தரப்பு. அது 'கொன்ட்ராக்ட்' குடும்பத்துச் சொல். பின்னேரம் திரும்பிப் போவது லயத்துக்கு. வரிசையாகக் கட்டிய அறைகளை ஆங்கிலத்தில் 'லைன்' என்றார்கள். அது நம் வாயில் 'லயன்' ஆகி, எழுத்தில் 'லயம்' ஆகி, இசையில் வரும் லயத்தோடு சேர்ந்துகொண்டது. ஆறு குடும்பம் ஒரு கூரைக்கீழ் சண்டை போடும் இடத்துக்கு இவ்வளவு அழகான பெயர்.

எனக்கு மிகவும் பிடித்தது 'ஸ்டோர்'. தேயிலைத் தொழிற்சாலையை நாம் 'ஃபக்டரி' என்று சொல்வதில்லை, 'ஸ்டோர்' என்கிறோம். ஏன்? இந்த மலைகளில் தேயிலைக்கு முன் இருந்தது கோப்பி. கோப்பிப் பழத்தை உரித்துக் காயவைத்து எடுத்து வைக்கும் கட்டடத்தைத் தோட்டத்து ஆங்கிலத்தில் 'ஸ்டோர்' என்றார்கள். 1869இல் இலைத்துரு நோய் வந்து, அடுத்த இருபது வருஷத்துக்குள் கோப்பி அழிந்தது. தேயிலை வந்தது, இயந்திரங்கள் வந்தன, துரைமார் 'ஃபக்டரி'க்கு மாறிவிட்டார்கள். நாம் மட்டும் கோப்பிக் காலத்துச் சொல்லை விடவில்லை.

இதில் ஒரு வம்பும் உண்டு. வெளியுலக ஆங்கிலத்தில் ஸ்டோர் என்றால் கடை அல்லது களஞ்சியம். என்னிடம் படித்த ஒரு பிள்ளை கொழும்பில் நேர்முகத் தேர்வுக்குப் போய், அம்மா ஸ்டோரில் வேலை செய்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எந்தக் கடை, எந்த ஊர், எத்தனை கிளை என்று அவர்கள் கேட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள்.

பாண், காம்பரா, சப்பாத்து இவையும் ஆங்கிலம்தானே?

இல்லை, போர்த்துக்கேயம். ஜன்னல், மேசை, கதிரை, அலுமாரி, பீரிஸ் எல்லாமே அப்படித்தான். போர்த்துக்கேயர் 1505இல் இங்கே வந்து இறங்கினார்கள். பிறகு வந்த ஒல்லாந்தர் விட்டுப்போனவை கந்தோர், லாச்சி போன்றவை. ஆங்கிலேயர் கரையோரத்தைப் பிடித்தது 1796இல், கண்டியைப் பிடித்தது 1815இல். 'லயக் காம்பரா' என்று சொல்லும்போது ஆங்கிலமும் போர்த்துக்கேயமும் ஒரே சுவரில் சாய்ந்து நிற்கின்றன. ஸ்டோரில் இயந்திரத்துக்குக் காவலாக வைத்துக் கும்பிடும் ரோதை முனி இருக்கிறாரே, அந்த 'ரோதை'யும் சக்கரத்தைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்தான்.

'இஸ்கூல்', 'இஸ்டோரு' என்றால் சிரிக்கிறார்கள். அது பிழையா?

ஆங்கிலம் பேசும்போது 'ஸ்' என்றே தொடங்கப் பழகுங்கள். தமிழுக்குள் பேசும்போது அதில் பிழை ஒன்றும் இல்லை. தமிழ்ச் சொல் சில எழுத்துகளில் தொடங்காது. பிற மொழிச் சொல் அப்படி வந்தால் முன்னால் ஓர் உயிரெழுத்தைப் போட்டு வழவழப்பாக்கிக்கொள்கிறோம். ராமன் இராமன் ஆனது அப்படி, 'லங்கா' இலங்கை ஆனதும் அப்படி. நாட்டின் பெயரையே அந்த விதிப்படி சொல்லிவிட்டு, 'இஸ்கூல்' என்கிற அப்பாயியைப் பார்த்துச் சிரிப்பது எந்த நியாயம்? ஸ்பானியக்காரரும் இதே வேலையைச் செய்கிறார்கள். அவர்கள் பாடசாலைக்குச் சொல்வது 'எஸ்குவேலா'.

இன்னொன்று. யாழ்ப்பாணத்தில் 'ரீச்சர்', 'ரெலிபோன்' என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். நாம் 'டீச்சர்' என்கிறோம். ஆங்கில 'டீ' ஒலி, நாக்கை மடித்து உச்சரிக்கும் நம் 'ட'வுக்கும் 'த'வுக்கும் நடுவில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தார் நாக்கு நுனி படும் இடத்தைப் பார்த்து எழுதுகிறார்கள். சத்தத்துக்கு அவர்கள் வழி கொஞ்சம் நெருக்கம் என்று எனக்குத் தோன்றும், ஆனாலும் நான் டீச்சர்தான்.

ஆங்கிலத்துக்குள் நம் சொல் ஏதாவது போயிருக்கிறதா?

நிறைய. கறி, கட்டுமரம், சுருட்டு, வெட்டிவேர், தேக்கு எல்லாம் நேராகவோ சுற்றிக்கொண்டோ போய்ச் சேர்ந்தவை. மிளகுத்தண்ணி அங்கே ஒரு சூப்பின் பெயர். கங்காணியும் கணக்கப்பிள்ளையும் அப்படியே ஆங்கில எழுத்தில் அரசாங்க அறிக்கைகளில் ஏறினார்கள்.

கசப்பான ஒன்றும் உண்டு, 'துண்டு'. ஒரு தொழிலாளி தோட்டம் மாற வேண்டுமானால், அவர் பேரில் உள்ள கடனை எழுதிய ஒரு துண்டுச் சீட்டைக் கங்காணி வாங்க வேண்டும். அந்தக் கடனைக் கட்டுகிற தோட்டத்துக்குத்தான் ஆள் போகலாம். கடனும் ஆளும் சேர்ந்தே கைமாறினார்கள். ஆங்கிலத்தில் அதற்கு வேறு சொல் தேடவில்லை, 'துண்டு' என்றே எழுதினார்கள். 1921இல் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தபோதும் அந்தச் சட்டத்தில் நின்றது நம் சொல்தான்.

அப்புறம் தேயிலைப் பெட்டியைப் பாருங்கள். பீ.ஓ.பி. என்று அச்சடித்திருக்கும். விரித்தால் 'புரோக்கன் ஒரேஞ்ச் பெக்கோ'. 'புரோக்கன்', உடைந்தது, பழைய ஆங்கிலச் சொல். 'ஒரேஞ்ச்' நம் பக்கத்து நாரத்தையோடு உறவுள்ள திராவிடச் சொல்லாகப் புறப்பட்டு, சமஸ்கிருதம், பாரசீகம், அரபு, பிரெஞ்சு என்று ஊர் ஊராக இறங்கி ஏறி ஆங்கிலத்துக்கு வந்தது என்பது பலர் ஒத்துக்கொள்ளும் கருத்து. 'பெக்கோ' தென் சீனப் பேச்சுச் சொல், இளந்தளிரில் இருக்கும் வெள்ளைப் பூமயிரைக் குறிக்கும். தேயிலையில் தோடம்பழம் இல்லை என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆங்கிலம் எப்படிப்பட்ட மொழி என்று யாராவது கேட்டால் அந்தப் பெட்டியைத்தான் காட்டுவேன். மூன்று சொல், மூன்று திசை, ஒரே மூச்சில் 'இங்கிலீஷ்'.

எழுதுவது ஒன்று, வாசிப்பது ஒன்றாக இருக்கிறதே, ஏன்?

ஏறக்குறைய 1400 முதல் 1700 வரை ஆங்கிலத்தின் நெட்டுயிர் ஒலிகள் எல்லாம் இடம் மாறின. பெயரைக் குறிக்கும் 'நேம்' என்ற சொல்லை முன்னர் 'நாம' என்பதுபோலத்தான் சொன்னார்கள். இந்த மாற்றம் நடந்துகொண்டிருந்தபோதே, 1476இல் வில்லியம் கக்ஸ்டன் இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்துவிட்டார். எழுத்து அச்சில் உறைந்தது, வாய் தன்பாட்டில் போனது. கத்தியைக் குறிக்கும் 'நைஃப்' சொல்லின் முதலில் ஊமையாக நிற்கும் 'கே' ஒரு காலத்தில் வாய்விட்டுச் சொன்ன எழுத்து. போதாததற்கு 26 எழுத்தை வைத்துக்கொண்டு 40க்கு மேற்பட்ட ஒலிகளைச் சமாளிக்கிறார்கள். மனப்பாடம் செய்யத்தான் வேண்டும், வேறு வழி இல்லை.

ஆங்கிலத்தில் நீ, நீங்கள் இல்லை. மரியாதை தெரியாத மொழியா?

முன்பு இருந்தது. 'தௌ' என்றால் நீ, 'யூ' என்றால் நீங்கள். பதினேழாம் நூற்றாண்டு முடிவதற்குள் பொதுப் பேச்சிலிருந்து 'தௌ' பெரும்பாலும் கழன்றுவிட்டது. மிஞ்சியது 'நீங்கள்' மட்டும்தான். அதாவது 'யூ' என்று யாரைச் சொன்னாலும் நீங்கள் மரியாதையாகத்தான் பேசுகிறீர்கள். மீதி மரியாதையைக் கேட்கிற விதத்தில் காட்டுகிறார்கள். 'குட் யூ', 'வுட் யூ' என்று சுற்றி வளைத்துக் கேட்பது அதற்குத்தான்.

இதில் எனக்கு ஒரு விசித்திரம் தோன்றும். தங்கள் பேச்சில் 'நீ'யைத் தொலைத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆனவர்கள் இந்த மலைக்கு வந்து முதலில் கற்றுக்கொண்டது 'நீ'. இங்கே வா, அங்கே போ, கொழுந்து எடு. அப்பா வயசு ஆளுக்கும் 'வா'தான்.

150 வருஷம் வெள்ளைக்காரனோடு இருந்தும் நமக்கு ஏன் ஆங்கிலம் வரவில்லை?

எல்லாக் கேள்வியும் சுற்றி வந்து நிற்பது இதில்தான். 'நமக்கு மண்டை இல்லை' என்று நம் ஆட்களே சொல்வார்கள். அப்படி இல்லை. துரை தமிழ் படித்தார், அதனால் நமக்கு ஆங்கிலம் தேவைப்படாமல் பார்த்துக்கொண்டார்கள்.

புதிதாக வந்த சின்னத்துரை, அதாவது பெரிய துரைக்கு உதவியாக வரும் துரை, தோட்டத்துத் தமிழ் படித்தே ஆக வேண்டும். அதற்கென்று ஆங்கிலத்திலேயே கைநூல்கள் அச்சடித்தார்கள். துரை பேசும் தமிழ் கட்டளைத் தமிழ். துரைக்கும் ஆபீஸ் ஐயாமாருக்கும் இடையில் ஆங்கிலம், ஐயாமாருக்கும் கங்காணிக்கும் இடையில் தமிழ், கங்காணிக்கும் நமக்கும் இடையிலும் தமிழ். ஆங்கிலம் ஆபீஸ் ஜன்னலோடு நின்றுவிட்டது. பாடசாலையும் அதே அளவுதான். 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு கொடுக்கச் சொன்னது. எந்தப் படிப்பு? ஆறு வயசிலிருந்து பத்து வயசு வரை, தாய்மொழியில். எழுபதுகளில் அரசாங்கம் பொறுப்பேற்கும் வரை பல இடங்களில் ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார்.

மேலே சொன்ன சொற்களை இப்போது மறுபடி பாருங்கள். லயம், பெரட்டு, செக்ரோல், ஸ்டோர், அவற்றோடு தோட்டத்துப் பிரிவைக் குறிக்கும் டிவிசன். எல்லாம் பெயர்ச்சொல். ஒரு வினைச்சொல்கூட இல்லை. செக்ரோல் 'போடு', ஸ்டோருக்குப் 'போ', டிவிசன் 'மாறு' என்று வினை முழுக்கத் தமிழ். பொருளின் பெயர்கள் கீழே இறங்கி வந்தன, வாக்கியம் மேலேயே இருந்துவிட்டது. பொருளுக்குப் பெயர் தெரிந்தால் வேலை வாங்கலாம். வாக்கியம் தெரிந்தால் கேள்வி கேட்பார்கள்.

எங்கள் அம்மாவின் சம்பளச் சிலிப்பு ஆங்கிலத்தில் வரும். அம்மாவுக்கு ஓர் எழுத்தும் தெரியாது, ஆனால் இடம் தெரியும். மேலிருந்து இரண்டாவது கட்டம் எத்தனை பேர், கீழிருந்து மூன்றாவது கட்டம் தீபாவளி முற்பணம், அடிக்கோட்டுக்குக் கீழே கைக்கு வருவது. மஞ்சள் படிந்த நகத்தால் கட்டம் கட்டமாகத் தொட்டுக்கொண்டே வருவார். ஒரு மாதம் அந்த மூன்றாவது கட்டத்தில் நகம் நின்றது. முற்பணம் போன மாதமே கட்டி முடிந்திருக்க, மறுபடியும் வெட்டியிருந்தார்கள். ஆபீஸ் ஜன்னலில் போய் நின்றார். சிலிப்பைத் திருப்பிப் போட்டு, ஆங்கிலத்தில் இரண்டு சொல் சொல்லி, "எல்லாம் சரியாத்தான் இருக்கு, போ" என்றார்கள். அந்தக் காசு திரும்பி வர இரண்டு மாதம் ஆனது. பிழையைக் கண்டுபிடித்தது ஓர் எழுத்தும் தெரியாத அம்மா. அவரிடம் இல்லாதது 'ஏன் இரண்டு தடவை வெட்டினீர்கள்' என்று அந்த ஜன்னலுக்குப் புரியும் மொழியில் கேட்கும் ஒரு வாக்கியம்.

ஆங்கிலத்தில் எழுதிய நம் ஆட்களும் இருந்தார்கள். 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் போன சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்து வாழ்க்கையைத் தமிழில் மட்டுமல்ல, ஆங்கிலத்திலும் எழுதியவர்.

இலங்கைச் சட்டப்படி ஆங்கிலத்துக்கு என்ன இடம்?

'இணைப்பு மொழி'. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் ஆங்கிலத்தை இறக்கிவிட்டுச் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழி ஆக்கியது. 1987இல் வந்த 13ஆம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அரச அலுவலகத்துக்குக் கடிதம் எழுத ஆங்கிலம் தெரிந்த ஆளைத் தேடி அலைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழில் எழுதலாம், தமிழில் பதில் பெற உரிமை இருக்கிறது. பதில் சிங்களத்தில் வந்தால் அது உங்கள் குறை இல்லை.

சிங்களப் பிள்ளைகள் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்கிறார்களே?

'கடுவ' என்றால் வாள். பல்கலைக்கழக மாணவர்கள் வைத்த பெயர். ஆங்கிலம் தெரிந்தவன் தெரியாதவனை வெட்டுகிறான் என்ற கோபம் அதில் இருக்கிறது. ஆங்கிலத்துக்குப் பயப்படுவது நாம் மட்டும் இல்லை என்று தெரிந்துகொள்ள நல்ல சொல்.

பிரித்தானிய ஆங்கிலமா, அமெரிக்க ஆங்கிலமா, எதைப் படிப்பது?

நம் பாடப்புத்தகமும் பரீட்சையும் பிரித்தானிய எழுத்துக்கூட்டலில்தான் இருக்கின்றன. அதையே பிடியுங்கள். அமெரிக்கரின் எழுத்துக்கூட்டல் மாறியதற்கு, 1828இல் பெரிய அகராதி போட்ட நோவா வெப்ஸ்டர் முக்கிய காரணம். இலங்கை ஆங்கிலம் என்றும் ஒன்று இருக்கிறது. இங்கே 'ஹோட்டல்' என்றால் சோறும் கொத்துரொட்டியும் கிடைக்கும் கடை, படுக்க இடம் கேட்டால் முழிப்பார்கள். ரோல்ஸ், பட்டிஸ் வகையெல்லாம் இங்கே 'ஷோர்ட் ஈட்ஸ்', லண்டனில் அப்படிக் கேட்டால் யாருக்கும் விளங்காது.

நாற்பது வயசு ஆகிவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?

வினைச்சொல்லிலிருந்து. பெயர்ச்சொல் உங்களிடம் ஏற்கனவே நூற்றுக்கணக்கில் கிடக்கிறது. வகுப்பில் முதல் மாதம் நான் புதுப் பெயர்ச்சொல் ஒன்றுகூடக் கொடுப்பதில்லை. போ, வா, கொடு, எடு, கேள், வை, நிறு, வெட்டு, சொல் என்று இருபது வினை. ஒவ்வொன்றுக்கும் நேற்று நடந்தது, இப்போது நடப்பது, நாளை நடக்கப்போவது. அப்புறம் வாக்கிய வரிசை. தமிழில் வினை கடைசியில் உட்காரும், ஆங்கிலத்தில் ஆளுக்கு அடுத்ததாக வந்து நிற்கும். 'நான் கொழுந்து எடுக்கிறேன்' அங்கே 'நான் எடுக்கிறேன் கொழுந்து'. இந்த ஒன்று நாக்கில் படிய ஒரு மாதம் பிடிக்கும். படிந்துவிட்டால் மற்றது வரும்.

குடையோடு வரும் அப்பாயி இப்போது ஒரே ஒரு கேள்வி கேட்பார். ஆங்கிலத்தில் 'ஹூ கட்?', யார் வெட்டினது? இலக்கணம் கொஞ்சம் இடிக்கிறது, நான் திருத்தவில்லை. பேரனின் முடியைப் பார்த்துத்தான் முதலில் கேட்டார்.

துரைமாரை 'பி.டி.', 'எஸ்.டி.' என்கிறார்களே, அது எந்த ஆங்கிலச் சொல்லின் சுருக்கம்?

ஆங்கிலச் சொல் இல்லை. பெரிய தொரை, சின்னத் தொரை.